றொசல்ல இறக்கமும் ஹைபிரிட் கணக்கும்

சில வாரங்களுக்கு முன் ஒரு காலைப் பொழுது. ஹட்டனில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருடன் கொழும்புக்குப் புறப்பட்டேன். அவர் அண்மையில்தான் பாவித்த டொயோட்டா அக்குவா கார் ஒன்றை வாங்கியிருந்தார். புறக்கோட்டையில் சரக்கு எடுக்க மாதம் நான்கைந்து தடவை இறங்குபவர். பெற்றோல் செலவைக் குறைக்கலாம் என்று எண்ணி, கையிலிருந்ததோடு கடனும் பட்டு வாங்கிய கார்.

றொசல்ல ரயில் நிலையத்தைக் கடந்து வட்டவளைப் பக்கம் இறங்கிக் கொண்டிருந்தபோது, அதுவரை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென உறுமத் தொடங்கியது. நண்பரின் கால் எக்ஸிலேட்டரில் இல்லை. பிரேக்கில்தான் இருந்தது. ஆனாலும் எஞ்சின் மலை ஏறுவது போலச் சத்தம் போட்டது.

"கேட்டீங்களா நானா? ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கம் வந்தால் இதே கதைதான். கராஜில் காட்டினேன். பற்றரி முடிஞ்சு போச்சு, மாற்ற வேணும் என்கிறார்கள். வாங்கி மூன்று மாசம்கூட ஆகல்ல" என்றார். முகத்தில் கவலை தெரிந்தது.

உண்மையில் அந்தக் காரில் எந்தப் பழுதும் இல்லை. பற்றரி நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். இந்தச் சிறிய விடயம் தெரியாததால் பல இலட்சம் ரூபா பெறுமதியான ஒரு பாகத்தைக் கழற்றி வீசும் நிலைக்கு ஒரு வியாபாரி வந்திருந்தார். இவரைப் போல் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சைக்கிள் டைனமோ சொல்லும் பாடம்

ஹைபிரிட் கார்களையும் மின்சாரக் கார்களையும் விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வசனம் உண்டு. "பிரேக் பிடித்தால் பற்றரி சார்ஜ் ஆகும்." இது பொய்யல்ல. ஆனால் முழுக் கதையும் அல்ல. முதலில் அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

நம்மில் பலர் சிறு வயதில் டைனமோ பூட்டிய சைக்கிள் ஓட்டியிருக்கிறோம். இரவில் டைனமோவைத் தட்டி டயரில் முட்டவிட்டால் லைட் எரியும். அதேநேரம் பெடலை மிதிப்பதும் கடினமாகும். ஏன்? மின்சாரம் சும்மா வருவதில்லை. சக்கரத்தின் ஓட்டத்திலிருந்து ஒரு பங்கைப் பிடுங்கித்தான் டைனமோ விளக்கை எரிக்கிறது. 1831ஆம் ஆண்டு மைக்கல் பரடே கண்டுபிடித்த உண்மை இது. காந்தத்துக்கு அருகே கம்பிச் சுருள் அசைந்தால் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரத்தை எடுத்துப் பாவித்தால் அசைவுக்குத் தடையும் பிறக்கும்.

ஹைபிரிட் காரில் சக்கரத்தைச் சுழற்றும் மின் மோட்டாரும் இதே குடும்பம்தான். பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அது சக்கரத்தைச் சுழற்றும். ஓடும் சக்கரம் அதைச் சுழற்றினால் அது டைனமோவாக மாறி மின்சாரத்தைப் பற்றரிக்கு அனுப்பும். அப்போது பிறக்கும் தடைதான் காரின் வேகத்தைக் குறைக்கிறது. சாதாரண பிரேக்கில் பேட்டும் டிஸ்க்கும் உராய்ந்து, ஓட்டத்தின் சக்தி முழுவதும் சூடாகிக் காற்றில் போய்விடும். இங்கே அதில் ஒரு பகுதியாவது திரும்பக் கைக்கு வருகிறது.

பிரேக் பெடலை மிதிக்கும்போது எவ்வளவு வேலையை மோட்டாருக்குக் கொடுப்பது, எவ்வளவைப் பேட்டுக்குக் கொடுப்பது என்பதைக் கணினி கணத்துக்குக் கணம் தீர்மானிக்கிறது. மெதுவாக மிதித்தால் பெரும்பாலும் மோட்டார். சடுதியாக மிதித்தால் பேட்டும் டிஸ்க்கும் சேர்ந்து கொள்ளும். கார் நிற்கப்போகும் கடைசி நேரத்தில் மோட்டாரின் பிடி தளர்ந்து, சாதாரண பிரேக்கே காரை நிறுத்தும்.

இந்தக் கைமாற்றம் இலேசான காரியம் அல்ல. 2010 பெப்ரவரியில் டொயோட்டா நிறுவனமே இந்த இடத்தில் ஏற்பட்ட ஒரு குறைக்காக உலகெங்கும் 4 இலட்சத்துக்கும் அதிகமான பிரியஸ் மற்றும் ஏனைய ஹைபிரிட் கார்களைத் திருப்பி அழைத்து மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது.

இது புதிய தத்துவமும் அல்ல. மும்பைக்கும் பூனாவுக்கும் இடையிலான மலைப்பாதைக்காக 1920களின் இறுதியில் வந்த மின்சார ரயில் எஞ்சின்களிலேயே இந்த வசதி இருந்தது. டில்லி மெட்ரோ ரயில், பிரேக்கிலிருந்து மீளப்பெறும் மின்சாரத்துக்காகவே 2007ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் கார்பன் வரவுத் திட்டத்தில் பதிவு பெற்றது. பிரேக் பிடித்தே வருமானம் காண முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படியானால், ஹட்டனிலிருந்து இறங்கும் நமக்கு அந்த வருமானம் எவ்வளவு? வியாபாரிகளான நாம் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மலை தரும் கணக்கு

ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,000 மீற்றர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். ஹட்டன் நகரம் நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. ஆகவே அவிசாவளைப் பக்கம் போகிறவர்களுக்கு இது கற்பனைக் கணக்கு அல்ல. இவ்வளவு உயரம் இறங்கும்போது மலை அந்தக் காருக்குக் கொடுக்கும் சக்தி சுமார் 3.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

இதில் பாதிக்கு மேல் டயரின் உருளலுக்கும் காற்றின் எதிர்ப்புக்கும் போய்விடும். பாதை சுமார் 40 கிலோ மீற்றர் என்று எடுத்தால், பிரேக்குக்கு வந்து சேருவது ஏறத்தாழ ஒன்றரை யூனிட்தான். அதையும் மோட்டார் பிடித்து, பற்றரியில் போட்டு, மீண்டும் எடுத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும்போது வழியில் சேதாரம் உண்டு. மிஞ்சுவது ஒரு யூனிட் என்று கொள்ளலாம். எஞ்சினில் பெற்றோல் எரித்து அதே வேலையைச் செய்விக்க ஒரு லீற்றரில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

இதுவும் முழுவதையும் பிடித்து வைக்க இடம் இருந்தால்தான். அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி முழுவதுமே ஒரு யூனிட்டுக்கும் குறைவு. பழைய பிரியஸில் 1.3 யூனிட். பற்றரி நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதற்காக, அதன் கொள்ளளவில் பாதிக்கும் குறைவான பங்கையே கணினி ஏற்றி இறக்கும். அப்படியானால் அக்குவாவில் பாவனைக்கு உள்ள இடம் அரை யூனிட்கூட இல்லை. ஒன்றரை யூனிட் வந்து கொட்டும் இடத்தில் அரை யூனிட் பாத்திரத்தை வைத்தால் என்ன நடக்கும்?

நமது பகுதியில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே.விமலசுரேந்திர 1918இல் எடுத்துக் கூறினார். 1950இல் பழைய லக்சபான மின் நிலையம் இயங்கியது. காசல்ரீ பெரிய நீர்த்தேக்கம். எவ்வளவு மழை பெய்தாலும் நிறைய நாளெடுக்கும். நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ளது சிறிய தேக்கம். நல்ல மழை பெய்தால் சீக்கிரம் நிறைந்து வான் பாயும். ஹைபிரிட் கார் நோர்ட்டன் தேக்கத்தைப் போன்றது. பெரிய பற்றரி கொண்ட மின்சாரக் கார் காசல்ரீயைப் போன்றது.

நண்பரின் கார் உறுமியதற்குக் காரணமும் இந்த வான் பாய்தல்தான். பற்றரி நிறைந்ததும் மேலதிக மின்சாரத்தைப் போட இடமில்லை. உடனே கணினி அந்த மின்சாரத்தைக் கொண்டே எஞ்சினைப் பெற்றோல் இல்லாமல் சுழற்றி, சக்தியை வீணடித்து, காரைப் பிடித்து வைக்கிறது. அந்தச் சத்தம் பழுதின் சத்தம் அல்ல, பாதுகாப்பின் சத்தம். அதைக் கேட்டுப் பற்றரியை மாற்றச் சொன்னவர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் எந்தப் பரிசோதனையும் செய்யாமல் சொன்னார் என்பது உண்மை. பற்றரியின் நிலையைக் கணினிக் கருவி பூட்டி அளந்து பார்க்கலாம். அந்த அளவைக் காட்டாத எவரிடமும் பற்றரிக்குக் காசு கொடுக்கக் கூடாது.

விலைபோகும் ஒரு பாதி உண்மை

2022ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. அந்த ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பிறகு கியூ.ஆர். முறையில் கோட்டா வந்தது. அந்த நாட்களில்தான் ஹைபிரிட் என்ற சொல்லுக்கு மலையகத்திலும் மவுசு ஏறியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய ஹைபிரிட்களே கைமாறின. வயது ஏறிய பற்றரியும் அதோடு கைமாறியது.

"மலைநாட்டு ஆட்களுக்கு ஹைபிரிட்தான் நல்லது. இறக்கமெல்லாம் இலவசம்" என்று சொல்லி விற்கிறார்கள். மேலே போட்ட கணக்கின்படி, நீண்ட இறக்கத்தில் ஹைபிரிட் பிடித்து வைப்பது சொற்பமே. மிச்சம் உண்மையில் எங்கே கிடைக்கிறது? நின்று நின்று ஓடும் நகர நெரிசலில். ஹட்டன் பஸ் நிலையத்தடி, புறக்கோட்டை, மருதானை போன்ற இடங்களில் ஒவ்வொரு நிறுத்தமும் சிறிது சார்ஜ், ஒவ்வொரு புறப்பாடும் அதன் செலவு. சிறிய பாத்திரம் அடிக்கடி நிறைந்து அடிக்கடி காலியாவதுதான் அதற்கு ஏற்ற தொழில்.

சுசுக்கி வேகன் ஆர் போன்ற சிறிய கார்களில் உள்ளது இன்னும் சிறிய ஏற்பாடு. முன் இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன லித்தியம் பற்றரி. மோட்டாரும் எஞ்சினுக்குக் கைகொடுக்கும் அளவே. அதை அக்குவாவோடு ஒரே தட்டில் வைத்து ஹைபிரிட் என்று பேசுவது வாங்குபவருக்கு விளக்கம் தராது. அது மோசமான கார் என்று நான் சொல்லவில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்கிறேன்.

அப்படியானால் மலைநாட்டானுக்கு இந்தத் தொழில்நுட்பத்தால் பயனில்லையா? உண்டு. என் அபிப்பிராயத்தில் அந்தப் பயன் பெற்றோல் மிச்சத்தைவிடப் பெரியது. அது பிரேக்கின் ஆயுள். அதற்கும் மேலாக, நமது ஆயுள்.

சூடேறும் பிரேக்

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதி இறக்கத்தில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தை ஆராய்வது என் நோக்கம் அல்ல. ஆனால் நம் வீதிகளில் இறக்கம் என்பது என்ன என்பதை அது எல்லோருக்கும் நினைவூட்டியது.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக் கொண்டே வந்தால் டிஸ்க்கும் பேட்டும் சூடேறும். ஒரு கட்டத்தில் பேட் பிடியை இழக்கும். இன்னொரு பக்கம் பிரேக் ஒயில் கொதிக்கும். புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை, டொட் 4 என்றால் 230 பாகை. ஆனால் இந்த ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்தபின் கொதிநிலை 140, 155 என்று இறங்கிவிடும். வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் வட்டவளை, கினிகத்தேனைப் பகுதியில் இது சிறிய விடயமா? கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழ் உண்டானால் பெடல் தரைவரை இறங்கும், பிரேக் பிடிக்காது.

மோட்டார் மூலம் பிடிக்கும் பிரேக்கில் இந்தச் சூடு பேட்டுக்குப் போவதில்லை. அதனால்தான் ஹைபிரிட் கார்களில் பேட் பல வருடங்கள் உழைக்கிறது. ஆனால் கவனம். பற்றரி நிறைந்த பிறகு அந்த உதவி குறைந்துவிடும். செங்குத்தான இறக்கத்தின் அடிப்பகுதிக்கு வரும்போது, பழக்கத்தில் மோட்டாரை நம்பிய சாரதி முழுச் சுமையையும் பேட்டில் போடுகிறார். அதற்காகத்தான் கியர் பக்கத்தில் 'பீ' என்ற எழுத்தை வைத்திருக்கிறார்கள். பலர் அதை வேகமாகச் சார்ஜ் ஏற்றும் கியர் என்று நினைக்கிறார்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் அதன் வேலை எஞ்சினைக் கொண்டு காரைப் பிடித்து வைப்பது. சமதரையில் அதைப் பாவித்தால் மிச்சம் இல்லை, சில வேளை நட்டமும் வரும். ஹட்டன் இறக்கத்தில் அதைப் பாவிக்காவிட்டால் ஆபத்து.

ஜப்பானிலிருந்து வந்த பழைய காருக்கு ஜப்பானிய மொழிக் கைந்நூல்தான் கிடைக்கிறது. அதுவும் பல கார்களில் இல்லை. 'பீ' என்றால் என்ன என்று வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியது யார்? விற்பவர்தான். பல இலட்சம் இலாபம் பார்க்கும் வியாபாரத்தில் ஒரு பக்கத் தமிழ், சிங்களத் துண்டுப் பிரசுரம் அச்சடிக்க என்ன செலவாகும்? பொருளின் குறையைச் சொல்லி விற்பதுதான் நேர்மையான வியாபாரம் என்று நாம் பேசுகிறோம். பொருளைப் பாவிக்கும் விதத்தைச் சொல்லி விற்பதும் அதில் அடங்கும். மலையகத்தின் சாரதிப் பயிற்சி நிலையங்களும் இதை ஒரு பாடமாகச் சேர்க்க வேண்டும்.

கையில் எடுக்க வேண்டிய சில விடயங்கள்

நியூட்ரலில் விடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். முச்சக்கர வண்டி முதல் லொறி வரை இறக்கத்தில் நியூட்ரல் போட்டு எரிபொருள் மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் எரிபொருள் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சினைத் தக்கவைக்க எரிபொருள் போகும். ஹைபிரிட்டை நியூட்ரலில் விட்டால் சார்ஜும் ஏறாது. ஆக, எண்ணெயும் நட்டம், பிரேக்கும் நட்டம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஹட்டனில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்க வேண்டாம். 24 யூனிட் பற்றரி கொண்ட பழைய நிசான் லீஃப்கூட மேலே சொன்ன இறக்கத்தின் சக்தியைச் சுலபமாக விழுங்கும். ஆனால் அதற்கு இடம் வேண்டும். நிறைந்த பற்றரியோடு புறப்பட்டால் காசல்ரீயும் வான் பாயும். பத்துப் பதினைந்து சதவீதம் காலியாக வைத்துப் புறப்பட்டால், மலை அதை நிரப்பித் தரும்.

சரக்கு ஏற்றும்போது பின்னிருக்கைப் பக்கத்தைப் பாருங்கள். அக்குவா, பிரியஸ் கார்களில் ஹைபிரிட் பற்றரிக்குக் குளிர்காற்று போகும் துவாரம் பின்னிருக்கையோடு இருக்கிறது. நண்பரின் காரில் சாரிப் பொதியும் டீசேர்ட் மூட்டையும் அதை அடைத்துக் கொண்டிருந்தன. இறக்கத்தில் சார்ஜ் ஏறும்போது பற்றரி சூடாகும். காற்றும் போகாவிட்டால் ஆயுள் குறையும். அந்தத் துவாரத்தின் ஃபில்டரில் சேரும் புடவைத் தூசியையும் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

பேட் தேயவில்லை என்பதற்காகப் பிரேக்கைப் பார்க்காமல் விடாதீர்கள். குறைவாக உழைக்கும் பிரேக், ஈரமான நம் காலநிலையில் துருப்பிடித்து இறுகிவிடும். சேர்விஸ் செய்யும்போது சக்கரத்தைக் கழற்றி, கலிப்பர் இலகுவாக அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றப்போனால் சில ஆயிரம், மாற்றாமல் விட்டால் என்ன விலை என்று எழுத விரும்பவில்லை.

கடைசியாக, வாகனம் வாங்கும் முன் உங்கள் பாதையைக் கணக்கெடுங்கள். நாள் முழுவதும் நகரத்துக்குள் ஓடுபவருக்கு ஹைபிரிட் இலாபம். தோட்டப் பாதையில் மாவும் சீனியும் ஏற்றி ஏறி இறங்குபவருக்கு எக்சோஸ்ட் பிரேக் நன்றாக வேலை செய்யும் ஒரு டீசல் லொறியே துணை. பக்கத்துக் கடைக்காரர் வாங்கினார் என்பதற்காக வாங்கும் பொருள், பக்கத்துக் கடைக்காரருக்கே பொருந்தும்.

நண்பரின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று வட்டவளையில் காரை ஓரமாக நிறுத்தி, மூட்டைகளை டிக்கிக்கு மாற்றினோம். கியரை 'பீ'யில் போட்டு இறங்கினோம். எஞ்சின் இன்னும் கூடுதலாகத்தான் உறுமியது. ஆனால் அவர் முன்னரைப் போல் பயப்படவில்லை. பிரேக்கில் கால் வைக்கும் தேவையும் பாதியாகக் குறைந்தது. கொழும்பில் வேறொரு கராஜில் கருவி பூட்டிப் பற்றரியை அளந்து பார்த்தோம். இன்னும் சில வருடம் ஓடும் என்றார்கள். பற்றரிக்கென்று மடித்து வைத்திருந்த பணத்தில் அன்றைக்கே புறக்கோட்டையில் சரக்கு எடுத்தார்.